வாங்கிய அரிசியும் கொடுத்த அரிசியும்

கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய ஏழை எளியோரைக் குறிக்க 'அரிசிக் கிறிஸ்தவர்' என்றோர் இளக்காரச் சொல் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஒரு படி அரிசிக்காக வேதத்தில் சேர்ந்தவர் என்பது அதன் உட்பொருள். அதே ஏழை எளியோரின் அடுக்களையில் வேறோர் அரிசியும் இருந்தது. உலையிலிடுவதற்கென அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டுவைத்து, கலயம் நிறைந்ததும் சபைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தனர் பெண்கள். 'பிடி அரிசிக் காணிக்கை' என்று அதற்குப் பெயர். முதல் அரிசியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம்; இரண்டாவதைப் பற்றி இலக்கிய வாசகர்களாகிய நாம் அதிகம் பேசியதில்லை. பாலாற்றங்கரையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் நிலத்தை நடுவில் வைத்து, அந்த இரண்டாவது அரிசியின் வரலாற்றைச் சற்றே பார்க்கலாம்.

கொடுக்கக் கற்பிக்கும் வேலை இந்த நிலத்தைப் பொறுத்தவரை இங்கே தொடங்கவில்லை என்பதே முதலில் வியப்பளிக்கும் செய்தி. அது அமெரிக்காவின் குழந்தைகளிடத்தில் தொடங்கியது. நியூயார்க்கில் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடர், நோயாளி ஒருவரின் வீட்டில் கண்ணில்பட்ட சிறு பிரசுரம் ஒன்றைப் படித்து மனம் மாறி, 1819இல் மனைவி ஹாரியட்டுடன் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். 1836இல் சென்னைக்கு மாறினார். உடல் நலிந்து 1842இல் அமெரிக்கா திரும்பியவர், அங்கே தங்கியிருந்த ஆண்டுகளில் பெரியவர்களைக் காட்டிலும் சிறுவர்களையே தேடித்தேடிப் பேசினார். ஊர் ஊராகச் சென்று பல்லாயிரம் பிள்ளைகளைக் கூட்டி, தின்பண்டத்துக்குச் செலவாகும் காசை மிச்சம் பிடித்து மிஷனுக்குக் கொடுங்கள் என்றார். பிள்ளைகளுக்கென்றே நூல்களும் எழுதினார்.

அக்காலத்தில் இதுவொரு பரவலான முறையாகவும் இருந்தது. இங்கிலாந்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த பிள்ளைகள் சேர்த்த சில்லறைக் காசைக் கொண்டு 1844இல் 'ஜான் வில்லியம்ஸ்' என்னும் கப்பலொன்றே தென்கடல் தீவுகளுக்கு அனுப்பப்பட்டது. பிள்ளையின் கையில் உண்டியலைக் கொடுத்துவிட்டால் தாயும் தகப்பனும் தாமே வழிக்கு வந்துவிடுவர் என்பதை இந்த மனிதர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். அவர்கள் காட்டிய இந்தியச் சித்திரம் நமக்கு உவப்பானதன்று. இருளில் கிடக்கும் மக்கள், தேரின் சக்கரம், சிசுவைத் தின்னும் ஆறு என்றெல்லாம் அச்சமூட்டியே இரக்கத்தைக் கறந்தனர். கொடுப்பவரை உயர்த்தவும் பெறுபவரைத் தாழ்த்தவும் செய்த ஈகை அது. கொடுத்த பிள்ளைகளின் மனம் கள்ளமற்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஸ்கடரின் ஏழு மகன்களும் இரண்டு மகள்களும் இந்தியாவில் ஊழியம் செய்தனர். மூத்தவர்களான ஹென்றி, வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் 1853இல் நிறுவியதே அமெரிக்கன் ஆற்காடு மிஷன். இவர்களுள் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தமிழில் தேர்ந்தவர். கடைத்தெருவில் நின்று பேசுவோருக்கென அவர் எழுதிய தமிழ் நூலில் நம் புலவர்களின் செய்யுள்கள் எடுத்தாளப்பட்டிருப்பது தமிழன்பர்கள் கவனிக்கத்தக்கது. குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையில் வந்தவர் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்டப்படாமல் பிரசவத்தில் இறந்த கதையை வேலூரில் அறியாதார் இலர். அவர் மருத்துவம் முடித்துப் புறப்படுமுன் நியூயார்க்கின் ஒரு வீட்டில் நிதி கேட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வங்கியாளர் ராபர்ட் ஷெல், இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் வேலூரில் திறக்கப்பட்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை அப்படி எழுந்தது. பின்னர் 1920களின் தொடக்கத்தில், கீழை நாடுகளின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால் தாங்கள் 10 லட்சம் தருவதாக ராக்பெல்லர் அறநிதி சொன்னது. பெண்கள் திரட்டிக் காட்டினர். 1918இல் தொடங்கப்பட்ட வேலூர் மகளிர் மருத்துவப் பள்ளியும் அதில் பங்கு பெற்றது.

இவையெல்லாம் அயலார் கொடுத்தவை. உள்ளூர்ச் சபைகளின் நிலை என்ன?

வட ஆற்காட்டுச் சபைகளில் சேர்ந்தோரில் பெரும்பகுதியினர் நிலமற்ற கூலிகள். பறையர் தெருக்களைச் சேர்ந்தவர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் உயிர்கள் போயின. கஞ்சித்தொட்டி வைத்த மிஷன்களை நோக்கி மக்கள் திரண்டனர். சபைகளின் தொகை பெருகியது. பஞ்சம் தணிந்தபின் சிலர் விலகியும் போயினர். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்னும் ஏளனத்துக்குத் தமிழ்நாட்டில் வலுவான சான்றாகக் காட்டப்படுவது இந்தக் காலமே. பசித்தவன் சோறு கிடைக்கும் இடத்துக்குப் போவதில் இழிவென்ன இருக்கிறது என்பது எம் எண்ணம். அது நிற்க.

இங்கே நம் கிராமப் பொருளாதாரத்தின் ஓர் ஏற்பாட்டை நினைவுகூர வேண்டும். அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும், மேல்வாரம் குடிவாரம் பிரிப்பதற்கு முன்பாக, ஊர்த் தொழிலாளருக்கு அவரவர் பங்கு அளக்கப்படும். வெட்டியான், தோட்டி, வண்ணான், நாவிதன், ஏற்றத்துக்குத் தோற்சால் தைத்துக் கொடுக்கும் சக்கிலியன் என ஒவ்வொருவருக்கும் இத்தனை மரக்கால் என்று கணக்குண்டு. 'களத்துச் சுதந்திரம்' என்று ஆவணங்களில் இதற்குப் பெயர். பெயரில்தான் சுதந்திரம், நடைமுறையிலோ களத்தின் ஓரத்தில் துணியை விரித்து நின்று வாங்கிக்கொண்டு போவது. உழைத்துப் பெற்ற கூலியையே பிச்சையின் தோரணையில் பெறவைத்த ஏற்பாடு அது. ஆக, பறையரும் சக்கிலியரும் மிஷன் வருவதற்கு வெகுகாலம் முன்பே 'பெறுபவர்' என்ற இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தனர். மிஷனின் கஞ்சித்தொட்டி அந்த இடத்தை மாற்றவில்லை. கொடுக்கும் கைதான் மாறியது.

சபைகள் தம் செலவைத் தாமே ஏற்க வேண்டும், தம்மைத் தாமே ஆள வேண்டும், தாமே வேதத்தைப் பரப்ப வேண்டும் என்ற மும்முனைக் கொள்கை இங்கிலாந்தின் ஹென்றி வென்னாலும் அமெரிக்காவின் ரூபஸ் ஆண்டர்சனாலும் வகுக்கப்பட்டிருந்தது. ஆண்டர்சன் 1854-55இல் இந்தியாவுக்கே வந்து மிஷன்களைப் பார்வையிட்டார். கொள்கை நன்று. ஆயினும் படிக்கூலி வாங்கும் பண்ணையாளிடம் போய்ப் போதகர் சம்பளத்துக்குச் சந்தா கேட்பது எளிய காரியமா? கேட்டபோது முணுமுணுப்பே மிஞ்சியது. அமெரிக்காவிலிருந்து பணம் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்ற கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

இந்த முடிச்சு அவிழ்ந்த விதத்தைக் காண வேலூரை விட்டுச் சற்றுத் தெற்கே போக வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் 1847லேயே தமக்கென ஒரு சுதேச சங்கம் கண்டு, அருகிலுள்ள தீவுகளில் ஊழியத்தைத் தம் செலவில் நடத்தியவர்கள். 1902இல் அங்கே சென்ற திருநெல்வேலிக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, யாழ்ப்பாணத் தமிழர் தம் பணத்தில் கடல் கடந்தும் ஊழியர்களை அனுப்புவதைக் கண்டு, பன்மடங்கு பெரிய திருநெல்வேலித் திருச்சபை இதைச் செய்யவில்லையே என்று வெட்கினார். விளைவு, 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் பிறந்த இந்திய மிஷனெரி சங்கம். 1905 கிறிஸ்துமஸ் நாளன்று வங்கத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் உருவாயிற்று. அதன் பணிகளில் அசரியாவுடன் முன்னின்றவர் சேலத்துக்காரரான கே. டி. பால். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற மூன்றையே அது அடித்தளமாகக் கொண்டது. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த ஆண்டு அது என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

திருநெல்வேலியில் இது கைகூடியதற்கு ஒரு சமூகக் காரணமும் உண்டு. நாடார் சமூகத்தில் மகமை என்னும் பொதுநிதி வழக்கம் வேரூன்றியிருந்தது. வாணிபத்தில் மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்துவைத்துப் பழகிய மக்கள் அவர்கள். 1830இல் ரேனியுஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கமும் கிறிஸ்தவர்களிடையே பொதுக்கொடைப் பழக்கத்தை வளர்த்திருந்தது. வட ஆற்காட்டின் கூலித் தெருக்களில் மகமை ஏது? இருந்தது அடுக்களையும் அதிலிருந்த பெண்ணும் மட்டுமே. பிடி அரிசி அங்கே பொருந்தியதன் காரணம் அதுதான். காசு ஆணின் கையில். அரிசி பெண்ணின் கையில். கணவனிடம் கேட்காமல், எவரிடமும் கடன்படாமல், அவள் தானே தீர்மானித்துக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் அது.

வட ஆற்காட்டின் வறண்ட ஊர்களில் ஏழையின் அன்றாட உணவு கேழ்வரகும் கம்புமே. நெல்லுச்சோறு பண்டிகைக்கு உரியது. ஆகவே 'பிடி அரிசி' என்னும் சொல்லே பல வீடுகளுக்கு மிகைதான். தானியம் எதுவானால் என்ன, பிடி பிடியே. கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரிய வழக்கம் இது என்றும் கொள்ள வேண்டாம். காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடி அரிசித் திட்டத்தை வற்புறுத்தியது பலருக்கும் தெரிந்ததே. மிசோரத்துப் பெண்கள் 1910 முதல் இதையே தம் மொழியில் 'புஹ்ஃபாய் தாம்' என்று வழங்கி, இன்றளவும் தம் சபைக்குக் கோடிக்கணக்கில் ஈட்டித் தருகின்றனர்.

பிடி அரிசியின் முழுப்பொருளை உணர்த்த அசரியாவின் பிற்கால வாழ்வைத் தொட்டுச் செல்வது அவசியம். அதிலும் தோல் வந்து சேர்கிறது. திருநெல்வேலி வீடுகளின் காணிக்கை அனுப்பப்பட்ட இடம் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல். 1909இல் அசரியா தாமே அங்கு குடியேறினார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அங்கே சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலரும் மாதிகரும். மாதிகர் தோல் வேலை செய்வோர்; ஊரின் கடைக்கோடியில் வைக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டுக் காணிக்கையால் ஊழியம் பெற்ற இம்மக்களிடமும் அசரியா கை நீட்டினார். இவர்கள் ஏழைகளாயிற்றே என்று சொன்னவர்களுக்கு அவர் இசையவில்லை. கொடுக்கத் தகுதியற்றவன் என்று ஒருவனை விலக்கி வைப்பதும் ஒருவகைத் தீண்டாமையே என்பது அவர் நிலைப்பாடாக நமக்குப் படுகிறது. தானியமும் கோழியும் முட்டையுமாக அவர்கள் கொடுத்தனர். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் மெல்ல மெல்ல எழும்பிய தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றின் சாயலும் அதன் கட்டடத்தில் உண்டு. 'கிறிஸ்தவ ஈகை' பற்றி அசரியா எழுதிய சிறு நூல் அவர் மறைவுக்குப் பின்னும் பல நாடுகளில் வாசிக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோரின் மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் 1930களில் எழுந்த கருத்து மோதலைப் படிப்போர் இந்தப் பின்புலத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த மக்கள் தாமே முடிவெடுக்கக் கூடியவரா, பிறர் இழுத்த இழுப்புக்குப் போகிறவரா என்பதே அங்கு மையக் கேள்வி. ஒரு பிடி தானியம் அதற்கு ஒருவகை விடை.

பாலாற்றங்கரைக்குத் திரும்புவோம். இங்கே பிடி அரிசியின் உடன்பிறப்பாக வளர்ந்தது அறுப்பின் பண்டிகை. நெல், கேழ்வரகு, நிலக்கடலை, பூசணி, வாழைத்தார், கோழி, ஆட்டுக்குட்டி என்று விளைந்ததையும் வளர்த்ததையும் சுமந்து வந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். கத்தரிக்காய் ஒன்று கடை விலையைப் போல் ஐம்பது மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பக் கொடுத்துவிட மறுபடியும் ஏலம் போகும். வேடிக்கையும் சிரிப்புமாக ஊர் களைகட்டும். களத்தின் ஓரத்தில் துணி விரித்து நின்றவரின் பேரப்பிள்ளைகள் தலையில் தானியக் கூடையுடன் ஆலயத்தின் நடுவழியே நடந்து போகும் காட்சியை எண்ணிப்பார்த்தால், 'களத்துச் சுதந்திரம்' என்ற சொல்லுக்கு அங்கேதான் பொருள் கிடைத்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

குறையில்லாமலில்லை. ஏலத்தில் குரல் ஓங்குவது மாதச்சம்பளக்காரருடையது: ஆசிரியர், மருத்துவமனை ஊழியர், பட்டணத்தில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்தவர். ஆயிரம் ரூபாய்க்குக் கத்தரிக்காய் எடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்கும். அந்தக் கத்தரிக்காயைக் கொண்டுவந்த கிழவியின் பெயரை எவரும் கேட்பதில்லை. ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி அதே நாளில் பிரசங்கமும் நடந்திருக்கும். இன்னொன்று, பெண்கள் சேர்த்த அரிசிக்கு ஆண்கள் குழு கணக்கு எழுதியது. கொடுக்கக் கற்பித்த அளவுக்குக் கணக்குக் கேட்கக் கற்பிக்கவில்லை. இது நம் சமயங்கள் அனைத்துக்கும் பொதுவான நோய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாகாது. கொடுப்பதை இவ்வளவு முறையாகப் பயிற்றுவித்த இயக்கத்திடம் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயமே.

1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கப் பணம் சுருங்கியது. அப்போதுதான் உள்ளூர்க் காணிக்கையின் அருமை தெரிந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆற்காடு மிஷன் சபைகளும் அதற்குள் வந்தன. 1976இல் வேலூர் தனிப் பேராயம் ஆயிற்று. வேலூர் மருத்துவக் கல்லூரிக்கும் இந்தியாவின் பல திருச்சபைகள் பங்காளிகளாயின. சபை பரிந்துரைத்து அனுப்பும் மாணவர் படிப்பு முடிந்ததும் மிஷன் மருத்துவமனை ஒன்றில் குறித்த காலம் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் அங்கே உண்டு. குடும்பம் பணத்துக்குப் பதிலாகப் பிள்ளையைக் கொடுப்பதாக இதைக் கொள்ளலாம்.

திருப்பத்தூரில் 1921இல் இன்னொரு பாதை திறந்தது. மருத்துவர்களான சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். முன்னவர் தமிழர், பின்னவர் ஸ்காட்லாந்தில் கம்பளிநூல் ஆலை வைத்திருந்த செல்வக் குடும்பத்தவர். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். கதர் உடுத்தி, மணம் செய்யாமல், தரையிலமர்ந்து உண்டு, நோயாளிகளைப் பார்த்தனர். அவர்கள் எழுப்பிய ஆலயம் நம் கோயிற்கட்டடக்கலையைத் தழுவியது. 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டாரின் கொடைகளுக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு வேண்டியது நட்பு என்று அசரியா முறையிட்டதை நினைத்தால், அதற்கு இந்த மாவட்டத்தில் கிடைத்த மறுமொழி சின்னண்ணன்தான் போலும்.

ஆம்பூரைச் சொல்லாமல் முடிக்க இயலாது. அங்கே வந்தவர்கள் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களான மிசோரி லுத்தரன்கள். 1895இல் தொடங்கிய இந்திய ஊழியமே அவர்களுடைய முதல் அயல்நாட்டு மிஷன். 1920களின் தொடக்கத்தில் எழுந்த பெதஸ்தா மருத்துவமனை பின்னாளில் ஆம்பூரின் அடையாளங்களில் ஒன்றாயிற்று. இச்சபைகள் 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தன்னாட்சி பெற்றன. அதே ஊர்களில், சில தெருக்கள் தள்ளி, தோல் வாணிபத்தில் செழித்த முஸ்லிம் குடும்பங்கள் ஜகாத்தும் வக்புமாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தோன்றியது. மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரி வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் பெயர் தாங்கியது. முதலாளி கல்லூரி கட்டினார். அவர் தொட்டியில் சுண்ணாம்பு நீரில் தோல் அலசிய தொழிலாளியின் மனைவி கலயத்தில் ஒரு பிடி போட்டாள். இரண்டையும் ஒரே மண்ணின் ஈகை வரலாறாக எழுதுவார் இன்னும் வரவில்லை.

பின்னர் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வது குறைந்து, காலணித் தொழிற்சாலைகள் பெருகின. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்து மேற்றோல் தைத்து மாதச் சம்பளம் வாங்குகின்றனர். காசு பெண்ணின் கைக்கு வந்ததும் கலயத்தின் இடத்தைக் காணிக்கை உறை பிடித்துக்கொண்டது. உறையில் பெயரும் மாதமும் தொகையும் எழுத இடமுண்டு. ஆனாலும் பிடி அரிசி முற்றாக மறையவில்லை. நியாயவிலைக் கடை அரிசி வந்தபின், பொங்கித் தின்பது ஒரு ரகம், காணிக்கைக்கு எடுத்துவைப்பது ஒரு ரகம் என்ற பேச்சும் உடன் வந்தது. காணிக்கைக்கு எந்த ரகத்தை வைப்பது என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் கருத்து வேறுபாடு எழுவதும் உண்டு. சேர்ந்த அரிசியைப் பல சபைகளில் படிக்கணக்கில் சபையாருக்கே விற்றுக் காசாக்குவார்கள். மாதக் கடைசியில் வீட்டில் அரிசி தீர்ந்தவர் சந்தை விலைக்குக் குறைவாக அதை வாங்கிப் போவார். அடுத்த வேளை உலை வைக்கையில் அதிலிருந்தும் ஒரு பிடி எடுத்துவைப்பார்.